விரலால் பார்க்கிற புத்தகம்

அடுப்பிலிருந்த கேழ்வரகுக் கூழில் கொஞ்சம் வழித்து, ரங்கம்மாள் அட்டையில் தடவினாள். அதன்மேல் ஆட்டு ரோமத்தை ஒட்டினாள். அடுத்த அட்டையில் புதுக் கூரையின் புல். அதற்கடுத்ததில் பாப்பாவின் சீட்டிப் பாவாடை ஓரம்.

"மாடு கத்துது. இவ அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கா," என்றாள் ஓரகத்தி சின்னக்கா.

"பர்மா சண்டையில கண்ணு போனவருக்கு வேற எப்படிக்கா காட்டறது? நாலு வருசமா வூட்ல நடந்ததையெல்லாம் விரலால பாத்துக்கட்டும்."

"வாயால சொல்றதுக்கென்ன?"

"எனக்கு வாய் வரலீங்கக்கா."

மறுநாள் அவள் புருஷன் வேடியப்பன் வந்து சேர்ந்தான். அவன் தண்ணீர் குடித்ததும் ரங்கம்மாள் அந்த அட்டைப் புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள்.

"ஆடு வாங்கிட்டியா? பரவால்லையே." பக்கம் திருப்பினான். "இது பாவாடை. நான் போறப்ப கைக்கொழந்த, இப்பப் பாவாடை கட்டறாளா? எங்க அவ, தூங்கறாளா?"

"அடுத்ததப் பாருங்க."

கடைசி அட்டையில் நூலால் கட்டிய முடிக்கற்றை இருந்தது. சிரித்துக்கொண்டே தடவியவனின் விரல் சட்டென்று நின்றது.

"நான் திரும்பி வந்த பொறவுதானே தீர்த்தமலையில மொத முடி எறக்கறதா வேண்டிக்கிட்டோம்? அதுவரைக்கும் கத்தி படக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

சின்னக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடியின்மேல் வைத்த கையை எடுக்காமலே அவன் கேட்டான்.

"எங்க பொதைச்சீங்க?"