தராசுக்காரரின் சனிக்கிழமைகள்

"ஃபாதர், நீங்க வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க. அவருக்கு வேற யாராவது இருந்தாங்களா?"

தராசுக்காரரின் மனைவி சாப்பாட்டு மேசைக்கு எதிரே நின்று இப்படிக் கேட்டதும் பங்குச் சாமியார் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

தராசுக்காரர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. முன்னறையில் உறவுக்காரர்கள் போய்ச் சேர்ந்தவரின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெருமைக்கா பஞ்சம்? ஊரிலுள்ள கடைத் தராசுகளையெல்லாம் பழுது பார்த்தவர். முள்ளைக் கொஞ்சம் தள்ளி வைத்துத் தரச் சொன்ன கறிக்கடைக்காரரை நடுத்தெருவில் வைத்துக் காய்ச்சி எடுத்தவர். பாட்டுக் குழுத் தலைவியிடம் "சுருதி சேரலம்மா" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். சாமியாரிடமே கைக்கடிகாரத்தைக் காட்டி, "பிரசங்கம் இன்னைக்கு பதினோரு நிமிஷம் அதிகம்" என்றவர். யார் முகத்துக்காகவும் ஒரு பொய் சொன்னதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

எட்டு மணிக்குப் பட்டறை. ஆறு மணிக்கு வீடு. ஏழு மணிக்குப் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தி ஜெபமாலை.

அந்த மனிதர் முப்பத்தேழு வருடம், ஒரு சனிக்கிழமை விடாமல், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். காய்ச்சலில் கிடந்தபோதும் ஆட்டோ பிடித்துப் போனார். வாராவாரம் சொல்ல அப்படி என்ன பாவம்? எந்த நேரத்தில் செய்தார்? இதை நினைத்து நினைத்தே அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

சாமியார் பாடு திண்டாட்டம். தலையை ஆட்டினாலும் தப்பு, ஆட்டாவிட்டாலும் தப்பு. "சேச்சே, இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாவசங்கீர்த்தன ரகசியத்தை உடைத்ததாகிவிடும்.

அவருக்குத் தெரியும். இந்தப் பங்குக்கு வந்த ஒன்பது வருடமாக அதே ஒரு பாவம். அது இன்னதென்று இங்கே எழுதினால் எனக்கும் மோட்சம் கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லிவிட்டு, "இனிமே செய்ய மாட்டீங்களே?" என்று கேட்பார்.

"அதை மட்டும் கேக்காதீங்க ஃபாதர்" என்று கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

ஒருமுறை சாமியாருக்குக் கோபம் வந்து, "இத்தனூண்டு விஷயம், உண்மையைச் சொன்னாத்தான் என்னய்யா?" என்று கத்திவிட்டார். "நீங்க கல்யாணம் ஆகாதவர் ஃபாதர்" என்றார் தராசுக்காரர், மிகுந்த மரியாதையோடு.

"சரி, சொல்ல மாட்டீங்க. சாப்பிடுங்க" என்று பெருமூச்சு விட்டு, அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "கோழி சூப். அவருக்கு உயிர். கல்யாணமாகி முதல் ஞாயித்துக்கிழமை வச்சேன். பிரமாதம்னார். அன்னையிலருந்து ஒரு ஞாயிறுகூட தவறினதில்ல."

சூப் வந்ததும் மகனுக்கு போன் வந்தது. மருமகன் யாரையோ வழியனுப்ப வாசலுக்கு ஓடினார். மகளுக்குத் திடீரென்று ஒருசந்தி விரதம்.

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

வைத்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஐயோ பாவம், அந்த மனிதரைத் திட்டியிருக்கக் கூடாது. பீடத்தில் ஏற்றி மெழுகுவர்த்தி கொளுத்தியிருக்க வேண்டும்.

"எப்படி இருக்கு ஃபாதர்?"

நிமிர்ந்து பார்த்தார். முப்பது நாளில் பாதியாக இளைத்துப்போன முகம். கையில் அகப்பையைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்மா."

அந்த முகம் மலர்ந்ததைச் சாமியார் பார்த்தார். பிறகு அவளும் அழுதாள்.

"அவரும் இப்படித்தான், கண்ணு கலங்கத்தான் குடிப்பார். நீங்களே அவரை நினைச்சு இப்படி அழறீங்கன்னா அவர் தப்பான ஆளா இருந்திருக்க மாட்டார். எனக்கு இது போதும் ஃபாதர். இன்னைக்காவது தூங்குவேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்களுக்கே குடுத்தனுப்பறேன்."

அந்தச் சனிக்கிழமை பங்குச் சாமியார் பஸ் ஏறி அடுத்த பங்குக்குப் போனார். கம்பி வலைக்கு முன்னால் முழங்காலிட்டு, ஒரு சூப்பைப் பற்றித் தான் சொன்ன பொய்யைச் சொன்னார்.

உள்ளே இருந்த வயதான சாமியார் மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். "இனிமே செய்ய மாட்டீங்களே?" என்றும் கேட்டார்.

விடிந்தால் ஞாயிறு.

"அதை மட்டும் கேக்காதீங்க ஃபாதர்" என்றார் பங்குச் சாமியார்.