ஏழாவது நாற்காலி

ரொசேலியா கூட்ட அறைக்குள் நுழையவும், குழு உறுப்பினர் சில்வேரா எழுந்து வெளியே போகவும் சரியாக இருந்தது.

வாசலில் இருவரும் இடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி ஒதுங்கிப் போய்விட்டார். கல்லூரி நிர்வாகக் குழுவின் மேடையில் ஏழு நாற்காலிகள். இப்போது ஒன்று காலி.

இடம் பிடித்து வைத்திருந்த வகுப்புத் தோழி மரிவிக்கிடம் என்ன நடந்தது என்று ரொசேலியா கேட்டாள்.

"நம்ம விஷயத்தைத்தான் எடுத்தாங்க. எடுத்த உடனே அந்தப் பெரியவர் ஏதோ சொல்லிட்டு எழுந்துட்டார். உனக்கும் சேர்த்துப் பேசறதுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன், காதுல விழல."

திங்கட்கிழமை கல்லூரிகளின் தலைமை நிர்வாகியான சான்சலரின் வாரச் செய்தி வந்தது முதல் ரொசேலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாவட்டத்தின் மூன்று கல்லூரிகளுக்கும் இந்த ஆண்டு எது முதலில், எது பிறகு என்று அதில் எழுதியிருந்தார் அந்த அம்மாள். முதலில் புது அறிவியல் கட்டடம். அது எழும்பும் இடத்தில் இருக்கிற, மாணவிகள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் படிக்கப் போகும் காப்பகம் டிசம்பரோடு மூடப்படும். மாற்று ஏற்பாடு பரிசீலனையில் இருக்கிறது.

பரிசீலனையில் இருந்த எதுவும் சொன்ன தேதிக்குள் நடந்து ரொசேலியா பார்த்ததில்லை.

நர்ஸ் படிப்பில் அவளுக்கு இன்னும் அரை ஆண்டுதான் பாக்கி. ஜனவரியிலிருந்து விடிகாலையில் மருத்துவமனைப் பயிற்சி. கணவன் லாரியோடு போனால் ஞாயிற்றுக்கிழமைதான் வீடு திரும்புவான். ஊரில் இருந்த மற்ற காப்பகங்கள் எட்டு மணிக்கு முன்னால் கதவைத் திறப்பதில்லை. இரண்டு வயது இட்செலை யாரிடம் விடுவது? காப்பகம் போனால் படிப்பும் போச்சு.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்று நிமிடம். பச்சை விளக்கு எரிந்தது. சமையல் செய்யும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்து வந்த பணிவான பேச்சு, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது.

"அஞ்சாறு மாசம் முன்னாடி இந்தக் குழுத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்கு வந்தார் மிஸ்டர் சில்வேரா. என் பொண்ணைத் தூக்கி வச்சுக் கொஞ்சினார். இன்னைக்கு அவளுக்கு ஒரு இடம் கேட்கிறேன், மூணு நிமிஷம் உட்கார முடியல அவரால. ஆயுசு பூரா பால் பண்ணை வச்சிருந்தவர். கன்னுக்குட்டி கத்தினா ராத்திரியில எழுந்து ஓடியிருப்பார். நாங்க அதைவிடக் கேவலமாப் போயிட்டோமா?"

பின்வரிசையில் கை தட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

பேச வந்தவர்களோடு மேடையிலிருந்து பதிலுக்குப் பதில் பேசும் வழக்கம் இல்லை. இருந்தும் உறுப்பினர் ஒருவர் ஏதோ சொல்ல முன்னால் சாய்ந்தார். தலைவி லேசாகத் தலையசைத்துத் தடுத்துவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அடுத்து மரிவிக்கைக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், அதற்குப் பிறகுதான் வாக்கெடுப்பு. ரொசேலியாவால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

நடைவழிப் பெஞ்சில் சில்வேரா உட்கார்ந்திருந்தார். காகிதக் கோப்பையில் காபி ஆறிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"காபி நல்லாயிருக்கா சார்?"

"உட்காரும்மா. முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"உங்க பக்கத்துலயா? உங்களுக்குத்தான் உள்ளே நாற்காலி போட்டிருக்காங்களே, அங்க போய் உட்காருங்க."

அவர் மூடியிருந்த கதவைப் பார்த்தார். "இந்த விஷயத்துல நான் வாயைத் திறக்கக் கூடாது."

"வேற எதுக்குத் திறப்பீங்க? புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டும்போதா?"

கிழவர் கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தொப்பியின் விளிம்பைத் தடவினார். சுருக்கென்று பட்டிருக்கிறது, படட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பாப்பா பெயர் என்ன என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"தேர்தலப்போ தெரிஞ்சிருந்துதே," என்றாள்.

உள்ளே சத்தம் அடங்கியது. வாக்கெடுப்புக்கு ஒவ்வொரு பெயராக வாசிப்பது சுவருக்கு அப்பால் கேட்டது. என்ன பதில் சொல்கிறார்கள் என்பது மட்டும் கேட்கவில்லை. ரொசேலியா சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். ஜனவரி காலையில், இருட்டில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

கதவு திறந்தது. குழுவின் செயலாளர் எட்டிப் பார்த்தாள். ரொசேலியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஆனால் செயலாளர் அவளைப் பார்க்கவில்லை.

"ஆறு பேரும் சரின்னுட்டாங்க மிஸ்டர் சில்வேரா. கல்லூரிக்கு எதிர்த்தாப்பல நீங்க குடியிருக்கிற வீட்டைக் காப்பகத்துக்குத் தானமா ஏத்துக்கிட்டாங்க, ஜனவரியிலேயே பிள்ளைங்களை விடலாம். கொடுக்கிறவர் அறையில இருக்கக் கூடாதுங்கிற சட்டம் அந்த ஓட்டோட முடிஞ்சுது, இனி நீங்க உள்ளே வரலாம்."