பாட்டின் நடுவே ஒரு விசில்

கரிச்சட்டி ரெக்கார்ட்ஸின் முதல் கேசட், மீன் ஏலக்கூடத்தில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. நடுவில் வாத்தியங்கள் நின்றதும் கூட்டத்தில் நின்ற நாங்கள் பல்லவி பாடுவோம். அதற்கும் மேலே அமல்தாஸின் விசில் கேட்கும். அவன் செத்தபின் தங்கை ரெஜினாவுக்கு மிஞ்சியது அந்த விசில்தான். கேட்டுக் கேட்டு கேசட் தேய்ந்துபோக, மறுவெளியீட்டுக்காகக் காத்திருந்தாள். வந்ததில் விசில் இல்லை. நாங்களும் இல்லை. முதலாளி ஜெயசிங்கிடம் போனில் கேட்டிருக்கிறாள்.

"கூட்டத்து இரைச்சலையெல்லாம் துடைச்சாச்சும்மா. பழைய டேப்பையும் தூக்கிப் போட்டாச்சு. இப்பதான் சுத்தமா இருக்கு."

அதை அவள் எங்கள் எல்லோருக்கும் சொன்னாள். அதனால்தான் இன்று அதே ஏலக்கூடத்தில் மறுபடி நடந்த கச்சேரிக்கு ஒருவர் விடாமல் வந்திருந்தோம்.

"புது ஆல்பத்துக்கு ரெக்கார்ட் ஆகுது, அன்னிக்கு மாதிரி கத்தணும்" என்றார் ஜெயசிங், மேடையில் மைக்கோடு நின்று.

பாட்டில் அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. அவர் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. எங்கோ ஐஸ் உருகிச் சொட்டுவது கேட்டது. அவர் குனிந்து, முன்னால் நின்ற ரெஜினாவிடம் மைக்கைக் கொண்டுவந்தார்.

அவள் இரண்டு விரல்களை வாயில் வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது.

விரல்களை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சுத்தமா இருக்கட்டும் சார்."