காலை நேர நடிப்பு

"இவ நடிக்கிறா டாக்டர். உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர். அவள் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றாள், சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் பெண்.

டாக்டருக்கு எரிச்சல். வெளியே இன்னும் இருபது பேர்.

"அப்படி என்னம்மா நடிச்சா?"

"எட்டு மணிக்கு ஷிப்ட். ஒன்பதரை வரைக்கும் கத்தரிக்கோலையே பிடிக்க மாட்டா. விரல் மடங்கலையாம். பத்து மணிக்கு மேல வந்து பாருங்க, மெஷினே தோத்துப்போகும்! வியாதி என்ன, கடிகாரம் பார்த்தா வரும்?"

"எத்தனை நாளா?"

"ஏழு வாரமா இதே கூத்து."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"கையை நீட்டும்மா."

இரண்டு கைகளிலும் விரல்களின் அடி மூட்டுகள் லேசாக வீங்கியிருந்தன. பக்கவாட்டில் மெல்ல அழுத்தினார். "அம்மா!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பாதம்?"

"காலையில எழுந்து நடந்தா, கூழாங்கல்லு மேல நடக்கிற மாதிரி இருக்கு டாக்டர்."

டாக்டர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

"நடிப்பு இல்லம்மா இது. முடக்குவாதத்தோட ஆரம்பம் மாதிரி தெரியுது. விட்டா விரலெல்லாம் கோணிப்போகும். இப்பவே பிடிச்சா அடக்கிடலாம். மூட்டுவாத ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டர் தர்றேன், இந்த வாரமே பார்த்தாகணும். கூட வேலை செய்யற பொண்ணை இப்படிப் பேச எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

"நாளைக்கே போகலாமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் ஆட்டோ கூப்பிட வெளியே போனாள்.

டாக்டருக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. இத்தனை வருஷமாகியும் கண்ணும் கையும் மழுங்கிவிடவில்லை.

"இந்த அம்மாகிட்ட எப்படிம்மா காலம் தள்ளறே?"

அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

"போன மாசம் நான் தனியா வந்து, விரல் வலிக்குதுன்னு சொன்னேன் டாக்டர். நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்காம மாத்திரை எழுதிட்டீங்க. 'நீ வாயே திறக்காதே. வலிக்குதுன்னு சொன்னா மாத்திரைதான். நடிக்கிறான்னு நான் சொல்றேன், அப்பத்தான் கையைத் தொட்டுப் பார்ப்பாரு'ன்னு சொல்லி, சூப்பர்வைசர் அக்காதான் கூட்டிட்டு வந்தாங்க."