கறுப்புத் திரையே இருக்கட்டும்

“அந்த மவுஸை விடுங்க அக்கா. இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க, அது என்ன, ஓடியா போயிடும்?”

அக்கா கையை எடுத்தாள். வருடக்கணக்காக அந்தக் கிடங்கின் முற்றத்தில் பெட்டி தூக்கியவள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கணினி அறைக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை இந்த அறைப் பக்கம் அவள் வந்ததே இல்லை. சொல்லிக்கொடுக்க வாய்த்தவன் பகல் ஷிப்ட்காரன், அவளைவிட வயதில் சின்னவன், அவளுக்குத் தம்பி மாதிரி.

கிடங்கின் லினக்ஸ் கணினியில் இப்போது இரண்டு வழிகள். கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற பழைய கறுப்புத் திரை ஒன்று. படத்தைத் தொட்டே வேலையை முடிக்கிற புதுத் திரை இன்னொன்று. “புதுசா கத்துக்கறவங்க நீங்கதான். ரெண்டையும் பார்த்துட்டுச் சாயங்காலம் சொல்லுங்க. ஒண்ணை வச்சுக்கிட்டு இன்னொண்ணை எடுத்துடலாம்” என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டதிலிருந்து தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கறுப்புத் திரைன்னு சொல்லுங்க அக்கா.”

“ஏம்பா, நானே தலை நரைச்சப்புறம் எழுத்துக்கூட்டப் படிச்சவ. படம்னா பட்டுனு தொட்டுட்டுப் போயிடுவேன். இது என்னடான்னா கரி பூசின சுவர் மாதிரி முறைச்சுப் பார்க்குது.”

“படத்துல அவங்க காட்டறதைத்தான் தொடலாம். காட்டாததை எப்படிக் கேப்பீங்க? இங்க நமக்கு என்ன வேணுமோ அதைக் கேக்கலாம். எல், எஸ்னு ரெண்டே எழுத்து அடிங்க.”

ஒற்றை விரலால் அடித்தாள். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

“அட, கேட்டதும் சொல்லுதே!”

“சொல்லும். தப்பா அடிச்சா, புரியலைன்னும் நேராச் சொல்லிடும். மனசுல வச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கிக்காது.”

“அடேங்கப்பா! எங்க வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்லையேப்பா.”

அவன் சிரிக்கவில்லை. தொலைந்த சரக்கைத் தேடுகிற கட்டளையையும் சொல்லிக்கொடுத்தான். பிறகு மேல் அம்புக்குறியைத் தட்டினான். எல்லா ஷிப்டுக்கும் ஒரே உள்நுழைவுக் கணக்கு என்பதால், ராத்திரி ஆள் அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று பார்த்தான். தினமும் வந்ததும் அவன் செய்கிற முதல் வேலை இதுதான். டீகூட அப்புறம்தான்.

“ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தப்பா அடிச்சிருக்காங்க” என்றான். “தலைவலியா இருந்திருக்கும்.”

“உனக்கெப்படித் தெரியும்? மை போட்டுப் பார்த்தியா?”

“புதுத் திரைல இதெல்லாம் வராது அக்கா. முன்னாடி ஒரு ஆள் இங்க உக்காந்திருந்ததுக்குச் சுவடே இருக்காது. வேலைக்கு அது முக்கியம்.”

“வேலைக்குத்தானா?”

“வேற எதுக்காம்?” முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மதியம் அவன் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. அக்கா புதுத் திரையில் பெட்டியின் படத்தைத் தொட்டாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே ஓட்டுநர் ஹாரனை அழுத்தினான். “அக்கா, சரக்கைக் கேட்டா செக்கை ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?”

அவள் படத்தை விட்டுவிட்டாள். கறுப்புத் திரைக்குப் போனாள். எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தாள். கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது: சரக்கு பின் கொட்டகையில், மேல் அடுக்கில்.

படத்தின்மேல் விரலை வைத்தபோது, கைநாட்டு வைத்த காலம்தான் அவளுக்கு நினைவு வந்திருந்தது. இங்கே அவள் எழுதினாள், எதிரில் இருந்தது பதில் எழுதியது.

சாயங்காலம் மேலாளர் அறைக்குப் போனாள். தம்பி ஷிப்ட் முடிந்தும் கிளம்பாமல் படியில் உட்கார்ந்திருந்தான்.

“கறுப்புத் திரையே இருக்கட்டும் சார். என்னை மாதிரி புதுசா வரவங்க முதல்ல இதைத்தான் கத்துக்கணும். படம் அப்புறம் தானா வந்துடும்.”

“அவன் தூண்டிவிட்டானா?”

“சொல்லிக்கிட்டேதான் இருந்தான். ஆனா லாரி நின்னப்போ அடிச்சது என் விரல் சார்.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “வேடிக்கைதான். ராத்திரி ஷிப்ட் பொண்ணும் காலைல வந்து, கறுப்புத் திரையை எடுத்துடாதீங்கன்னு கெஞ்சிட்டுப் போச்சு.”

“அதுக்கு என்னவாம்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “புருஷன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு இதே அறையில சண்டை போட்டுக்கிட்டு, பகல் ஷிப்டை விட்டுட்டு ராத்திரிக்கு மாறிப் போனவ. இப்ப என்னடான்னா, ‘வந்ததும் அவர் பகல்ல என்னென்ன அடிச்சிருக்கார்னு பார்த்தாத்தான் சார் எனக்கு ராத்திரி நகருது’ன்னு கண்ணைத் துடைக்கறா. அவன்கிட்ட மட்டும் சொல்லிடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டுப் போயிருக்கா!”