இடது காது தெரியவில்லை

"போட்டோவில் இடது காது தெரியவில்லை. திருத்தி அனுப்பவும்."

செல்போனில் வந்திருந்த வரியை அவள் உரக்கப் படித்தாள். இது ஐந்தாவது தடவை.

"காது தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நான் கேட்டது பகல் ஷிஃப்ட்டு. கம்மலா கேட்டேன்?" என்று பொரிந்தாள்.

லேபிள் மிஷினில் நிற்கும் அக்கா உச்சுக்கொட்டினாள். "அந்த ஆளுக்குக் கொக்கின்னு பேரு சும்மாவா வெச்சாங்க? யார் மனு போட்டாலும் அதுல ஒரு கொக்கி போடாம விடமாட்டாரு."

அந்த பாட்டில் கம்பெனியில் மூன்று மாதமாகத்தான் இந்தப் புது சாஃப்ட்வேர். காகிதமே கிடையாது. மனுவைச் செல்போனிலேயே போட வேண்டும். அது முதலில் ஆபீஸ் கிளார்க்கிடம் போகும். அவர் பரிந்துரை செய்து தள்ளினால் மேனேஜர் படிக்காமலே ஒரு தட்டுத் தட்டிவிடுவார். வேலை முடிந்தது. அந்த கிளார்க்தான் கொக்கி.

அவளுக்கு பேக்கிங்கில் ராத்திரி ஷிஃப்ட். ஆறு வயசுப் பையனுக்கு ராத்திரியில்தான் வலிப்பு வருகிறது, இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை. புருஷன் லாரி எடுத்தால் திரும்பி வரப் பத்து நாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறாள். நேற்று அந்தம்மாவும், "எனக்குப் பயமா இருக்கும்மா, வேற யாரையாவது பாரு" என்று சொல்லிவிட்டார். பகல் ஷிஃப்ட்டில் இருப்பதோ ஒரே ஒரு இடம். நாளையோடு பட்டியலை மூடுகிறார்கள்.

"முதல்ல இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளி வைக்கலைன்னாரு. அப்புறம் கையெழுத்து கோணலா இருக்காம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பையனுக்குச் சோறு ஊட்டிட்டிருக்கேன், டிங்குன்னு வருது! லீவு நாள்லகூட அந்த ஆளுக்கு என்னைப் படுத்தணும்."

"நேர்ல போய்க் கேட்டியாடி?"

"கேட்டேனே! சுத்தி நாலு பேரு. தலையைக்கூட நிமிர்த்தல. 'மெதுவா திருத்தி அனுப்பும்மா, அவசரமில்ல'ங்கிறாரு. அவசரமில்லையாம்! அவர் பிள்ளைக்கு வந்தாத் தெரியும்."

ஷிஃப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பையனின் ஸ்கேன் ரிசல்ட் வராமல் சான்றிதழ் தரமாட்டேன் என்று பத்து நாளாக இழுத்தடித்த டாக்டர், அன்றைக்குத்தான் ஒருவழியாக அதில் கையெழுத்துப் போட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படம் பிடித்து மனுவோடு சேர்த்தாள். அனுப்பினாள். கையோடு கொக்கி மேல் ஒரு புகாரையும் தட்டிவிட்டாள்.

புகார் என்றால் முதலில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போகும். யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவை அங்கே சேர்த்து மேனேஜருக்குத் தள்ளுவார்கள். இனி யாரையும் நம்புவதாக இல்லை. தானே கம்பெனிக்குத் திரும்பிப் போய் அங்கே நின்றாள்.

கம்ப்யூட்டர் பெண் பதிவைத் திறந்தாள். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அவர் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் வெச்சிருந்து திருப்பியிருக்கார்னு பாருங்க. நாற்பத்தேழு மணி நேரம். நாற்பத்தேழு. ஞாயித்துக்கிழமை நாற்பத்தேழே முக்கால்."

"பாத்தியா? கடைசி வரைக்கும் காக்க வெச்சுக் கழுத்தறுத்திருக்காரு! இதை அப்படியே மேனேஜருக்குக் காட்டு."

"இல்லக்கா." அந்தப் பெண் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் சான்றிதழ் இல்லாத மனுவை மேல தள்ள முடியாது. அது கிளார்க்கிட்ட நாற்பத்தெட்டு மணி நேரம் இருந்தா, சாஃப்ட்வேரே அதை ரத்து பண்ணிரும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு நீங்க மனுவே போட முடியாது. மேனேஜர் வெச்ச விதி."

"ஐயோ!"

"ஏதாவது தப்புன்னு திருப்பி அனுப்பினா மட்டும், மணிக்கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதான் மெதுவா அனுப்புன்னாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"விதியை ஏமாத்துறேன்னு நாலு பேரை வெச்சுக்கிட்டு எப்படிக்கா சொல்லுவாரு? இந்தப் பதிவு மேனேஜர் கண்ணுல பட்டா அவர் வேலையே போயிரும்."

டிங் என்றது செல்போன்.

"மனு பரிந்துரையுடன் மேலாளருக்கு அனுப்பப்பட்டது."

அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மனுவைத் திறந்தாள். டாக்டர் சான்றிதழ் இருந்தது. போட்டோ? அவசரத்தில் அதை மாற்றவே மறந்திருந்தாள். அதே பழைய போட்டோ. இடது காது முடிக்குள்தான் கிடந்தது.

"உங்க புகார் இன்னும் என்கிட்டதான் நிக்குது. மேனேஜருக்குத் தள்ளிரவாக்கா?"

"வேண்டாம்மா, வேண்டாம்! என்கிட்டயே திருப்பி அனுப்பிரு."

"காரணம் எழுதாம திருப்ப சாஃப்ட்வேர் விடாதுக்கா. என்னன்னு போடட்டும்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இடது காது தெரியலைன்னு போடும்மா."