இடது பக்கத் தட்டு

கடைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் காலை வெயில், பாலித்தீன் உறை பிரிக்காத சுழல்நாற்காலியின் மேல் வழுக்குகிறது. நோய்க்காலத்தில் நொடித்துப்போன கடைகளுக்கு அரசாங்கம் கொடுத்த உதவியில், இந்தச் சலூனுக்கு நாற்காலிகள் இரண்டு. தம்பிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. மனு போட்டபோது அண்ணன் இருந்தான். அப்புறம் அவனையும் அந்த நோய் கொண்டுபோய்விட்டது. சரிபார்க்க வந்த அதிகாரி கைப்பேசியோடு நிற்கிறார். “இது சும்மா கெடந்தா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க, தம்பி. யாரையாவது உட்கார வையுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்.” கடையில் ஈ காக்கா இல்லை. “சரி, நானே உட்கார்றேன். எனக்கும் காடா வளர்ந்து கெடக்கு” என்று அவரே உறையைக் கிழித்துவிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துப் படம் எடுக்கிறார். பழக்கதோஷத்தில் தம்பியின் கைகள் வெள்ளைத் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டுகின்றன. கத்தரிக்காக வலக்கை நீள்கிறது. அங்கே வெறும் சுவர். சாமான்கள் வைக்கிற தட்டு இடது பக்கம் இருக்கிறது. சுவரில் அப்படி அடிக்கச் சொன்னது தம்பியேதான். அண்ணனுக்கு இடக்கை வாட்டம். ஆள் போன பிறகு வந்த நாற்காலிக்கும் தச்சரிடம் வாய் தானாக அதையே சொல்லியிருக்கிறது. “தட்டை இந்தப் பக்கம் மாத்திக்கலாமே?” என்கிறார் அதிகாரி. “இருக்கட்டும் சார்.” இடப்பக்கம் நிற்கிற ஒருவர் மேல் இடித்துவிடாமல் ஒதுங்கிப் போவதுபோல, அவன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கத்தரியை எடுக்கிறான்.